காசை எடுத்தால் சொர்க்கம் இல்லை: ஒரு பழைய ஜப்பானிய வீடியோ விளையாட்டின் வழக்கு

திரையில் காசு தெரிந்தால் எடுக்க வேண்டும். எதிரி வந்தால் அடிக்க வேண்டும். ஓடித் தாவி விளையாடும் வீடியோ விளையாட்டுகளில் மாரியோ காலம் தொட்டு இதுதான் விதி. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த விதியைக் கடைசிக் கட்டத்தில் அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஜப்பானிய விளையாட்டு ஒன்று உண்டு. வெளிவந்து 40 ஆண்டுகளை நெருங்கிவிட்டது. ஆனாலும் அதை விளையாடியவர்கள் இன்னும் ஒரே கருத்துக்கு வந்தபாடில்லை.

அதன் பெயர் ‘யோக்காய் தோச்சூக்கி’. பேய், பூதம், மாயப் பிறவி எல்லாவற்றுக்கும் ஜப்பானியர் வைத்திருக்கும் பொதுப்பெயர் யோக்காய். தோச்சூக்கி என்றால் வழிப்பயணக் குறிப்பு. ‘பேக்மேன்’ விளையாட்டைத் தந்த நாம்கோ நிறுவனம், காசு போட்டு விளையாடும் பெட்டிகளுக்காக 1987இல் இதை வெளியிட்டது. மறு ஆண்டே ஃபாமிகாம், பிசி எஞ்சின் என்ற வீட்டுச் சாதனங்களுக்கும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஷேடோ லேண்ட்’ என்பார்கள்.

கதாநாயகன் தாரோஸ்கே ஒரு வாலுப் பையன். செய்த குறும்புகளுக்காக நரகத்தில் தள்ளப்படுகிறான். நரக வாசலிலிருந்து ஐந்து கட்டங்களைக் கடந்து, தன் இறுதித் தீர்ப்பைப் பெற வேண்டும். வழியில் பேய்கள் மறிக்கும், கைகளிலிருந்து சக்திக் குண்டுகளை விட்டு அவற்றைத் துரத்தலாம். காசு சேர்த்தால் வழியில் உள்ள கடைகளில் தேவையானதை வாங்கலாம். ஆகவே முதல் நான்கு கட்டங்களிலும் கை தானாகக் காசைத் தேடிப் போகும்.

ஐந்தாவது கட்டம் மறுபிறவிச் சுழற்சியின் உலகம். அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை விளையாட்டு கணக்கு வைத்துக்கொள்கிறது. முடிவுகள் ஐந்து: சொர்க்கம், மனிதப் பிறவி, விலங்குப் பிறவி, பசித்த பேய்களின் உலகம், நரகம். சொர்க்கம் வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் ஒரு பேயையும் கொல்லக்கூடாது, காசையும் எடுக்கக்கூடாது. வருகிற அடிகளையெல்லாம் தப்பி, விலகி, நடந்தே முடிக்க வேண்டும்.

வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. என் அக்காள் மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து இதை விளையாடினேன். திரையில் வரும் ஜப்பானிய எழுத்து எங்கள் இருவருக்கும் புரியாது. வழக்கம்போல் அடித்தோம், அள்ளினோம். கிடைத்தது நரகம். விதியை நான் பிறகு எடுத்துச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது ஏமாத்து வேலை மாமா. நாலு கட்டமும் எடு எடுன்னு பழக்கிட்டு, கடைசில எடுத்தா தப்புன்னு சொன்னா எப்படி?”

பையன் சொன்னதைத்தான் ஒரு தரப்பு ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். விதி என்பது ஆட்டம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும், நடுவில் மாற்றினால் திறமைக்கு என்ன மரியாதை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். மறு தரப்பினர், விளையாட்டின் உயிரே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பார்கள். சும்மா பேய்ப் படம் வரைந்து ஒட்டிய விளையாட்டு அல்ல இது, ஜப்பானியரின் நரக நம்பிக்கையையே ஆட்டத்தின் விதியாக மாற்றியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இரண்டாவது தரப்பு பக்கம்தான் மனம் சாய்கிறது. அதற்குக் காரணம் அந்த நரகம் நமக்கு அந்நியமானதல்ல என்பதாகவும் இருக்கலாம். ஜப்பானிய நரகத்தின் அரசன் பெயரை உச்சரித்துப் பாருங்கள்: எம்மா. நம் எமன்தான். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போய், அங்கே நீதிபதியின் தொப்பியும் அங்கியும் அணிந்து, பிறகு கடல் தாண்டி ஜப்பானுக்குப் போனவர். நம் கதையில் சித்திரகுப்தன் ஏடு வைத்திருப்பான். எம்மாவிடம் இறந்தவனின் செயல்களைக் காட்டும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. பொய் சொன்னால் எம்மா நாக்கைப் பிடுங்கிவிடுவார் என்று பிள்ளைகளை மிரட்டுவது ஜப்பானிய வீடுகளில் பழைய வழக்கம். எமன் வந்த பாதையில் இன்னும் பலர் போயிருக்கிறார்கள். ஜப்பானியர் கும்பிடும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில், கையில் இசைக்கருவியோடு இருக்கும் பென்சாய்தென் நம் சரஸ்வதி.

நடுவில் உள்ள சீன நிறுத்தத்தை நம்மில் பலர் நேரிலேயே பார்த்திருப்போம். சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் சாலையில் ஹாவ் பார் வில்லா என்ற பூங்கா இருக்கிறது. 1937இல் திறந்தது. அதிலுள்ள நரகத்தின் பத்து நீதிமன்றங்கள் என்ற சிலைக்கூட்டத்தைச் சிறுவயதில் பார்த்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் கிடந்தவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. சீன மரபில் எமனுக்கு ஐந்தாவது நீதிமன்றம். பத்தாவதில் மறுபிறவி. தாரோஸ்கேயின் பயணமும் மறுபிறவியில்தான் முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

பசித்த பேய்களின் உலகமும் நமக்குத் தெரிந்ததுதான். ஏழாம் மாதத்தில் சீனர்கள் சாலையோரம் உணவு படைத்து, காகிதப் பணம் எரித்து, பேய்களின் பசியாற்றுவார்களே, அதே பேய்கள். வடமொழியில் பிரேத என்பார்கள். தமிழில் அந்தச் சொல் வெறும் பிணத்தைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. பௌத்தத்தில் உயிர்கள் பிறந்து சுழலும் உலகங்கள் ஆறு: தேவர், மனிதர், அசுரர், விலங்கு, பசித்த பேய், நரகம். விளையாட்டில் அசுரர் உலகத்தை மட்டும் காணோம், மற்ற ஐந்தும் ஐந்து முடிவுகளாக நிற்கின்றன. இந்தப் பின்னணி தெரிந்தவருக்குக் கடைசிக் கட்டத்தின் விதி திடீரென்று முளைத்ததாகத் தோன்றாது. கொலையும் பேராசையும் எந்தப் பிறவியில் கொண்டுபோய் விடும் என்பதுதான் அந்த நம்பிக்கையின் அடிப்படையே. பின்னணி தெரியாத என் அக்காள் மகனுக்கோ அது ஏமாத்து வேலை. ஒரே விளையாட்டுக்கு இரண்டு தீர்ப்பு வருவது இப்படித்தான்.

சிறுவனை ஏன் நாயகனாக்கினார்கள் என்பதற்கும் அங்கே ஒரு பொருள் இருக்கிறது. ஜப்பானில் தெருவோரங்களில் சிவப்புத் துணி கட்டிய சின்னச் சின்னக் கல் சிலைகள் நிற்கும். ஜிசோ என்ற போதிசத்துவர் அவர். இளம் வயதில் இறந்துபோன பிள்ளைகளை மறு உலகில் காப்பவர் என்று பெற்றோர் நம்புகிறார்கள். நரகத்தில் தனியாக நடக்கும் பையனைப் பார்க்கும் ஜப்பானியத் தாய்க்கு அது வெறும் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

சரி, நம்பிக்கையை விடுவோம். கையில் பிடித்து விளையாடும்போது எப்படி? இங்கேயும் இரண்டு கட்சி. தாரோஸ்கே மெதுவாக நடப்பவன். குந்தி உட்கார்ந்தால் சக்தி சேரும், பெரிய குண்டு விடலாம். ஆசைப்பட்டு அதிக நேரம் சேர்த்தால் களைத்துப் போய் மூச்சு வாங்கி நிற்பான், அந்த நேரம் பார்த்துப் பேய் வந்து அடிக்கும். வேகமான விளையாட்டுக்குப் பழகிய இளையோருக்கு இது எரிச்சல். ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு வைக்கச் சொல்வது சுகம் என்பார்கள் பழைய ஆட்டக்காரர்கள். பெரிய எதிரிகளிடம் பையன் தானே சண்டை போடுவதில்லை என்பது எல்லாருக்கும் பிடித்த இடம். மண்டியிட்டு வேண்டிக்கொள்வான், அவன் உடலிலிருந்து மொன்மொதாரோ என்ற காவல் ஆவி எழுந்து பறந்து போராடும். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ என்ற பிரபலமான நாட்டுப்புற வீரனின் பெயரை வைத்துச் செய்த கிண்டல் அது.

கடினமாக இருப்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. காசு போடும் பெட்டியில் ஒருவர் அரை மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தால் கடைக்காரர் பிழைக்க முடியாது. சீக்கிரம் தோற்க வேண்டும், மறுபடியும் காசு போட வேண்டும். அந்தக் கால விளையாட்டுகள் பலவும் அப்படிச் செய்யப்பட்டவைதான். இப்போது பழைய பாணியில் புதிதாக வருபவை அந்தத் தோற்றத்தை எடுத்துக்கொண்டு கடுமையைக் குறைத்துவிடுகின்றன. கனடாவின் சபோடாஜ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘தி மெசஞ்சர்’ நிஞ்ஜா விளையாட்டில், செத்தால் ஒரு குட்டிப் பூதம் வந்து காப்பாற்றும். அதற்குக் கூலியாக நீங்கள் அடுத்துச் சேர்க்கும் காசை அது எடுத்துக்கொள்ளும், கேலியும் பேசும். அங்கே காசு கொடுத்து மரணத்தைச் சரிக்கட்டலாம். தாரோஸ்கேக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பேய்கள் பயமுறுத்துவதைவிடச் சிரிக்க வைப்பதே அதிகம். ஆனால் மூன்றாம் கட்டத்தில் கடலடி அரண்மனை இளவரசியின் நடனம் ஒன்று வரும், அதில் சற்று விரசமான நகைச்சுவை உண்டு. சின்னப் பிள்ளைகளோடு விளையாடும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

அக்காள் மகன் திட்டிக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தான். இந்த முறை கடைசிக் கட்டத்தில் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு வெகுதூரம் போனான். ஒரு பேய் நெருங்கி வந்ததும் விரல் தானாகப் பொத்தானை அமுக்கிவிட்டது. “ஐயோ, நான் அடிக்கலை மாமா, அது பழக்கத்துல நடந்துச்சு” என்றான். விளையாட்டு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.