பாட்டியின் குரல் ஏன் கீச்சிடுகிறது?

ஹைதராபாத்தில் பிறந்து தெலுங்கில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் தாலாட்டு பழைய கேஸட்டில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றி வீடியோவில் சேர்த்தால், சில சமயம் பாட்டி சிறுமிபோலக் கீச்சிடுகிறார். 60 நிமிடப் பதிவு 55 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

சி.டி. முறையில் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகள். வீடியோவில் வழக்கமாக 48,000. முன்னதைப் பின்னதென்று எண்ணி மென்பொருள் ஓட்டினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். மீட்டர்கேஜ் பெட்டியைச் சக்கரம் மாற்றாமல் பிராட்கேஜில் ஏற்றிய கதைதான்!

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, டிராக்கின் ரேட்டை 44,100 என வையுங்கள். குரல் இயல்பானதும் 48,000-இல் எக்ஸ்போர்ட் செய்து, பிறகு வீடியோவில் சேருங்கள். வீடியோவிலேயே நீளத்தை இழுத்துச் சரிக்கட்ட வேண்டாம். நேரம் பொருந்தினாலும் சுருதி பொருந்தாமல் போகலாம்.

வித்தியாசம் இந்தக் கணக்கில் வராமல் குரல் இழுபட்டால், டேப்ரிக்கார்டரின் பெல்ட்டைப் பாருங்கள். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பெல்ட்டை மாற்றி மறுபடி பதிவு செய்யுங்கள். அதுவரை கேஸட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.