மார்கழியில ஹீட்டர் போச்சுன்னா 11,000 ரூபாயா, 1,750 ரூபாயா?

டிசம்பர் மாசம், விடியக்காலை 5:40. என் தம்பிகிட்ட இருந்து போன். அந்த நேரத்துல வீட்டு ஆளுங்க நம்பர் வந்தா வயித்துல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பதறிப்போய் எடுத்தா, "அக்கா, ஹீட்டர் போச்சுக்கா"ங்கறான்.

திட்டிட்டு வெச்சிருப்பேன். ஆனா அவன் இருக்கற இடம் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை மேல. பேங்க் வேலை, வாடகை வீடு, மனைவி, பத்து மாசக் குழந்தை. சென்னையில உக்காந்துக்கிட்டு "பச்சைத் தண்ணியில குளிடா"ன்னு சொல்றது சுலபம். அங்க மார்கழி விடியல்ல குழாயைத் திறந்தா விரல் மரத்துப் போகும்.

ஒரு சின்ன விஷயம், கேட்டுக்கோங்க. அதே மலையில காவலூர்ல வைணு பாப்பு வானியல் ஆய்வுக்கூடம் இருக்கு. 1986ல திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் நிக்குது. அதுக்கு நல்லா இருட்டான, மேகம் இல்லாத ராத்திரி வேணும். மேகம்ங்கற போர்வை இல்லாத ராத்திரியிலதான் தரையோட சூடு சீக்கிரமா மேல போயிடும், விடியல்ல குளிரும் அதிகமா இருக்கும். நட்சத்திரம் பாக்கறவங்களுக்கு லாபம், குளிக்கறவங்களுக்கு நஷ்டம்.

சரி, காசுக்கு வரேன். தம்பி எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே பாதி முடிவு பண்ணிட்டான். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் பேசியிருக்கான். "நாலு வருஷ ஹீட்டர் சார், டேங்க் போயிருக்கும். மலைக்கு ஆள் அனுப்பறது கஷ்டம், விசிட்டிங் சார்ஜ் தனி, வண்டிச் செலவு தனி. புதுசு வாங்கிடுங்க"ன்னு பதில். ஹீட்டரைக் கண்ணால பாக்காமலே டேங்க் போச்சுன்னு சொன்ன அந்த ஞானதிருஷ்டிக்கு நான் இங்க பேர் போட விரும்பல. உடனே இவன் ஆன்லைன்ல 8,999 ரூபாய்க்கு 15 லிட்டர் ஹீட்டர் ஒண்ணை கார்ட்ல போட்டு, ஆறு மாச "நோ காஸ்ட் இ.எம்.ஐ" வரைக்கும் போயிட்டான்.

"அக்கா, வட்டியே இல்லக்கா."

சி.ஏ. அக்கா வெச்சிருக்கறவன் பேசற பேச்சா இது? பேப்பரை எடுத்தேன். நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல பேங்க் வட்டி போடாம இருக்காது. அந்த வட்டி அளவுக்கு விலையில முன்னாடியே தள்ளுபடி குடுப்பாங்க, அவ்ளோதான். அவன் கார்டுல 16% வட்டி. கணக்குப் போட்டா ஆறு மாசத்துக்குச் சுமார் 407 ரூபாய், அது தள்ளுபடியில கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. இருக்கே, அது 73 ரூபாய், அதை யாரும் திருப்பித் தர மாட்டாங்க. பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கு ஜி.எஸ்.டி. 36. ஆக 308 ரூபாய். போளூர்ல இருந்து மலைக்கு ஏத்திட்டு வர வண்டிக்கு 700, மாட்டறதுக்கு 600, இணைப்புக் குழாய் 400. எல்லாம் சேர்த்து 11,007. அதுவும் டெலிவரி ஒன்பது நாள் கழிச்சு.

அதாவது 11,000 ரூபாய் குடுத்தாலும் ஒன்பது நாளைக்கு சுடுதண்ணி கிடையாது. இதை அவன் கவனிக்கவே இல்ல. குளிர்ல நடுங்கிட்டு இருக்கறவனுக்கு "ஆர்டர் போட்டாச்சு"ங்கறதே பாதி சூடு மாதிரி.

"அது வரைக்கும் குழந்தைக்கு என்னடா பண்ணுவ?"

"ராடு இருக்குக்கா. பக்கெட்ல போட்டுக்கறோம்."

அங்கதான் என் தம்பி பொண்டாட்டி போனை வாங்கினா. "அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும். ஒரு வாரமாவே பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குது. இவர்கிட்ட சொன்னா, குளிர்ல அப்படித்தான் இருக்கும்ங்கறாரு."

குளிர்ல அப்படி இருக்காதுங்க. குழாயைத் தொட்டா சுர்ருன்னு வந்தா, தண்ணியிலயோ ஹீட்டர் பாடியிலயோ கரண்ட் இருக்குன்னு அர்த்தம். எனக்கு அந்த நிமிஷம் 11,000, 308 எல்லாம் மறந்து போச்சு. ரெண்டு விஷயம் சொன்னேன். ஹீட்டர் ஸ்விட்சை அணைச்சாப் போதாது, மெயின் பாக்ஸ்ல அந்த லைனையே இறக்கு. ராடைத் தூக்கி பரண்ல போடு, அந்த வீட்டு வயரிங்கைப் பாக்கற வரைக்கும் அதைத் தொடாத.

அப்போ சுடுதண்ணி? பக்கத்து வீட்டுப் பாட்டி வருஷம் முழுக்க வாசல்ல விறகடுப்பு மூட்டி அண்டாவுல தண்ணி காய வெக்கறாங்க. மலையில பல வீட்டுல வழக்கமே அதுதான். நாங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. தம்பி போய்க் கேட்டதும், "இதுக்கென்ன சாமி, அண்டாவைக் கொண்டாந்து வை"ன்னுட்டாங்க. அவன் காசு நீட்டினதுக்குத் திட்டும் வாங்கிக்கிட்டான். அப்புறம் அவங்க நிலத்துச் சாமையை நாலு கிலோ விலைக்கு வாங்கிட்டு வந்தான், அதுக்கு மட்டும் காசு வாங்கிக்கிட்டாங்க.

அந்த அண்டாவுலதான் எங்களுக்கு மூணு நாள் கிடைச்சது. அவசரம் கொஞ்சம் தணிஞ்சதும் தம்பிக்கு யோசனை வந்துச்சு: ஹீட்டரைத் திறந்து பாத்த ஆள் இது வரைக்கும் ஒருத்தர் கூட இல்லையே!

போளூர்ல ஒரு எலக்ட்ரீஷியன் கிடைச்சார். மறுநாள் வேற வேலையா மேல வரப்போறார், அதோட சேர்த்துப் பாக்கறேன்னுட்டார். அவர் வந்து முதல்ல ஹீட்டரைத் தொடவே இல்ல. பிளக் பாயிண்ட்ல மீட்டர் வெச்சு வோல்டேஜ் பாத்தார். காலை நேரத்துல 180. இது உங்க ஊருக்கும் பொருந்தும், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். 2000 வாட்ஸ்ங்கறது 230 வோல்ட்டுக்கு எழுதின கணக்கு. வோல்டேஜ் 180க்கு இறங்கினா, சூடு 180க்கு ஏத்த மாதிரி குறையாது, அதோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். சுமார் 1,225 வாட்ஸ்தான் கிடைக்கும். 15 லிட்டர் தண்ணியை 15 டிகிரியில இருந்து 55 டிகிரிக்குக் கொண்டு போக 0.7 யூனிட் வேணும். சரியான வோல்டேஜ்ல 21 நிமிஷம், 180ல 34 நிமிஷம். பத்து நிமிஷம் போட்டுப் பாத்துட்டு "ஹீட்டர் சரியில்ல"ன்னு முடிவு பண்ற எத்தனையோ பேர் வீட்டுல ஹீட்டர் நல்லாத்தான் இருக்கும்.

இவன் வீட்டுல அது மட்டும் இல்ல. காயில் போயிருந்தது. கழட்டினா, வெள்ளை வெளேர்னு உப்பு. போர் தண்ணி. உப்பு படிஞ்சா கரண்ட் வீணாகும்னு சொல்வாங்க, அது பெரிய விஷயமில்ல. தண்ணிக்குள்ள முங்கியிருக்கற காயில்ல இருந்து சூடு தண்ணிக்குத்தான் போயாகணும். ஆனா உப்புப் போர்வை சூட்டை வெளிய விடாததால காயில் தன் சூட்டுலயே வெந்து, மேல் உறை வெடிச்சிடும். வெடிச்ச இடத்துல தண்ணி உள்ள போகும், கரண்ட் வெளிய வரும். அந்த சுர்ருன்னு வந்தது அதான். கடைசியில காயில் முழுசா அறுந்து போனதாலதான் "ஹீட்டர் போச்சு." ஒரு வாரம் முன்னாடியே போயிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்.

அப்படிக் கரண்ட் கசிஞ்சா எர்த் வயர் வழியா தரைக்குப் போயிடணும்ல? எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்ட்டைத் திறந்து காமிச்சார். மூணு ஓட்டை இருக்கு, மேல் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்ல. வெறும் ஓட்டை. வீடு கட்டும்போதே யாரோ விட்டுட்டுப் போனது.

தம்பி அந்த 11,000 ரூபாய் ஹீட்டரை வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதே பிளக்ல மாட்டியிருப்பான். சுர்ருன்னு வர்றது நின்னிருக்கும், புதுக் காயிலாச்சே. பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நெனச்சிருப்பான். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் காயிலும் உப்புல வெடிக்கும்போது குழந்தைக்கு மூணு வயசு, தானே குழாயைத் திறக்கற வயசு.

செலவுக் கணக்கு இதுதான். காயில் 650, தெர்மோஸ்டாட் 350, கேஸ்கெட் 50, ஆனோடு ராடு 200, கூலியும் வண்டியும் 500. மொத்தம் 1,750. டேங்க் சுத்தமா நல்லா இருந்துச்சு. (ஆனோடு ராடுங்கறது டேங்க்குக்குப் பதிலாத் தான் கரைஞ்சு போற ஒரு மெக்னீசியம் கம்பி. 200 ரூபாய்க்கு டேங்க்கைக் காப்பாத்தும். அப்படி ஒண்ணு இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது.) எர்த் வயர் இழுத்ததுக்கு 1,100, கசிவு வந்தா உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டதுக்கு 1,900, ஆக இன்னொரு 3,000.

இந்த 3,000 யார் குடுக்கணும்? தம்பி வழக்கம்போல "கேட்டா ஹவுஸ் ஓனர் கோவிச்சுப்பாரு"ன்னான். நகரத்துல வாடகைக்கு இருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017ல கடைசியில ஒரு பட்டியல் இருக்கு. கீசர் ரிப்பேர் வாடகைக்கு இருக்கறவர் பொறுப்பு, வயரிங் வீட்டுக்காரர் பொறுப்புன்னு அதுல பிரிச்சிருக்காங்க. ஹீட்டருக்காக ஓனர்கிட்ட சண்டை போட்டா நீங்க தோப்பீங்க, எர்த்துக்குப் போட்டா ஜெயிப்பீங்க. மலையில எங்களுக்கு எழுத்துல அக்ரிமெண்ட் ஒண்ணும் இல்ல, வாய்ப்பேச்சுதான். ஆனா அதே பிரிவினையை நியாயமா வெச்சுப் பேசச் சொன்னேன். இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தேன். வாடகை வருமானத்துல வரி கணக்குப் போடும்போது ஓனருக்கு 30% அப்படியே கழிவு கிடைக்கும், அவர் ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணாட்டியும். அந்தக் கழிவே இந்த மாதிரிச் செலவுக்குத்தான். இதை அவர்கிட்ட பாடம் எடுக்கற மாதிரி சொல்லக் கூடாது. தம்பி காலி எர்த் ஓட்டையை போட்டோ எடுத்து அனுப்பி, "சார், குழந்தை இருக்கற வீடு"ன்னு மட்டும் எழுதினான். அடுத்த மாச வாடகையில 3,000 கழிச்சுக்கச் சொல்லிட்டார். சட்டம் தேவையே படல.

பில் விஷயம். எலக்ட்ரீஷியன் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தந்தார், ஜி.எஸ்.டி. போடல. சரிதான். சேவை செய்யறவரோட வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருந்தா பதிவு கட்டாயம் இல்ல, பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது. பதிவு எண் இல்லாத சீட்டுல யாராவது 18% சேர்த்திருந்தா, "நம்பர் எங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிக்கோங்க.

உங்க வீட்டு ஹீட்டர் வாரண்டி கார்டை இன்னைக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதுல பெரிய எழுத்துல இருக்கற வருஷம் பெரும்பாலும் டேங்க்குக்கு மட்டும்தான். காயிலுக்கு வேற, மத்ததுக்கு வேற. டேங்க்கே ஓட்டையாகித் தண்ணி சொட்டினா ரிப்பேர் பண்ண முடியாது. அப்போ டேங்க் வாரண்டி இருந்தா கம்பெனியை விடாதீங்க. இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலன்னா நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், 2019 சட்டம் அதுக்கு இடம் தருது. கம்பெனி ஆபீஸ் இருக்கற ஊருக்கு அலைய வேண்டாம். ஆனா சொட்டறது டேங்க்கா, இல்ல மேல இருக்கற குழாய் இணைப்பான்னு முதல்ல துடைச்சுப் பாருங்க. 40 ரூபாய் வாஷருக்காக டேங்க்கையே மாத்தினவங்க இருக்காங்க.

கேஸ் கீசர் வாங்கலாமான்னு தம்பி நடுவுல ஒரு தடவை கேட்டான். ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள அதை மாட்டினா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே இருக்காது, குளிக்கப் போனவங்க வெளிய வராம போன சம்பவம் நடந்திருக்கு. கட்டாயம்னா மெஷின் வெளிய, குழாய் மட்டும் உள்ள. அவன் பாத்ரூம்ல வெளிப்பக்கம் இடம் இல்ல. பேச்சு முடிஞ்சது.

இப்போ அவன் மொபைல்ல ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் ஒரு ரிமைண்டர் இருக்கு: "காயில் கழட்டி உப்பு சுரண்டணும், ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் அமுக்கணும்." லீவு நாள், குளிர் வர இன்னும் மாசம் இருக்கு, எலக்ட்ரீஷியனும் ஃப்ரீயா இருப்பார். பழைய காயில் உப்போட அவன் பாத்ரூம் ஜன்னல் மேலயே இருக்கு, தூக்கிப் போட மாட்டேங்கறான். அண்டாவும் பாட்டி வாசல்லயேதான் இருக்கு. மலையில கரண்ட் போற காலையில இன்னும் அங்கதான் தண்ணி காயுது.