தாழப் பறக்கும் ஹெலிகாப்டரும் கண்ணுக்குத் தெரியாத கம்பியும்



செம்பனை ஓலையைத் தின்று, அந்த ஓலைத் துணுக்குகளாலேயே பை கட்டிக்கொண்டு அதனுள் வாழும் புழுவைப் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்ட மக்கள் நன்கு அறிவார்கள். 2007-இல் இவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. புழுவின் தொல்லை மாறவில்லை. 2013-இல் அரசாங்கம் அதனை ஆபத்தான பயிர்ப்பூச்சியாக அறிவித்தது. மரம் உயர்ந்துவிட்டால் தரையில் நின்று அடிக்கும் மருந்து எட்டாது. ஆகவே வானத்திலிருந்து தெளிக்கும் முறையும் கையாளப்பட்டது. இவ்வேலையில் ஹெலிகாப்டர்கள் ஏன் விழுகின்றன என்பதை இன்று பார்ப்போம்.

மருந்து காற்றில் சிதறாமல் இலையில் படவேண்டுமானால், மரமுடிக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பறக்கவேண்டும். அங்கேதான் மின்கம்பி காத்திருக்கிறது. பச்சை இலைகளின் பின்னணியில் மெல்லிய கம்பி கண்ணுக்குப் புலப்படாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஹெலிகாப்டர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். 40 மீட்டர் தூரத்தில் கம்பியைக் கண்டாலும் விமானிக்கு இரண்டு நொடிகூட இல்லை. கம்பியை வெட்டும் கத்திகளைச் சில ஹெலிகாப்டர்களில் பொருத்துகிறார்கள். ஆனால் எல்லாக் கம்பியையும் அவை வெட்டிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இரண்டாவது காரணம் எஞ்சின் கோளாறு. மெராந்தி மரத்தின் இறக்கை முளைத்த விதை சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரும் அவ்வாறே விசிறி சுழல இறங்க முடியும். ஆனால் அதற்குப் போதிய உயரமோ வேகமோ வேண்டும். மருந்துப் பாரத்துடன் தாழ்வாகவும் மெதுவாகவும் திரும்பும் வேளையில் இரண்டுமே இருப்பதில்லை.

ஹெலிகாப்டர் விழாமலே தீங்கு நேர்வதும் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில், 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குடியிருப்புகளையும் நீர்நிலைகளையும் எட்டியது. அங்கே பல குடும்பங்கள் நோயாலும் பிள்ளைகளின் உடற்குறையாலும் வாடின. 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? எந்தப் பிரிவில் எந்தக் கம்பி செல்கிறது என்பது தோட்டத்து ஆளுக்குத்தான் நன்றாகத் தெரியும். புதிதாகக் கம்பி இழுத்திருந்தால், மருந்தடிக்கும் நாளுக்கு முன்பே கங்காணியிடமும் நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். தெளிக்கும் நாள், மருந்தின் பெயர் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள். காயும் துணியை எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை ஹெலிகாப்டர் விழுந்துவிட்டால், உடனே 999-ஐ அழையுங்கள். அறுந்த கம்பியில் மின்சாரம் இருக்கலாம். அதன் அருகில் செல்லாதீர்கள். விசிறி ஓயும்வரை நெருங்காதீர்கள். காற்று உங்கள் பக்கமிருந்து ஹெலிகாப்டரை நோக்கி வீசும்படி நில்லுங்கள். மருந்து மேலே பட்டால் உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.