பரணில் வௌவால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை, சனி ஞாயிறுக்கு மட்டும் ஆள் வந்துபோகும் வீடுகள் ஏராளம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது ஒரு வாடை. தரையில் சிதறிக் கிடக்கும் கறுப்பு எச்சம் அப்புறம்தான் கண்ணில் படும். செங்கல்பட்டின் பழைய ஓட்டு வீடுகளிலும் இதே கதைதான். திருக்கழுக்குன்றம் தொடங்கிக் கடற்கரை வரை பாறைக் குன்றுகள் நிறைந்த பகுதி இது. பாறை இடுக்கில் தங்கிப் பழகிய பிராணிக்கு ஷட்டர் பெட்டியும் ஏ.சி. பொருத்திய ஓட்டையும் பரண் மூலையும் அப்படியொரு இடுக்குதான். ஒரு விரல் நுழையும் சந்து இருந்தால் போதும்.

வௌவால் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும்வரை பெரிய ஆபத்து ஏதுமில்லை. நாம் துடைப்பத்தைத் தூக்கும்போதும் வெறுங்கையால் தொடும்போதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வந்திருப்பது யார்?

ஆளைத் தெரிந்துகொள்ள எச்சத்தைப் பார்த்தாலே போதும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுக்கினால் அது பூச்சி தின்னும் சின்ன வௌவால், ஊர்ப்பக்கம் துரிஞ்சில் என்பார்களே அது. எலிப் புழுக்கை அப்படி உதிராது. பல்லி எச்சமானால் நுனியில் வெள்ளை இருக்கும்.

போர்ட்டிகோ சுவரில் பழக்கூழ் தெறித்து, கீழே கடித்துத் துப்பிய நாட்டு வாதாம் கொட்டை கிடந்தால் வந்துபோனது குட்டைமூக்குப் பழவௌவால். அது பெரும்பாலும் குடியிருக்க வருவதில்லை. பறித்த பழத்தை நிம்மதியாகத் தின்ன ஓர் ஒதுக்குப்புறம் தேடுகிறது, அவ்வளவே. ராத்திரி முழுக்க போர்ட்டிகோ விளக்கை எரியவிட்டால் பல நேரம் அது இடம் மாறிவிடும். ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்குகிற, இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் போகிற பெரிய பழந்தின்னி வௌவால் வீட்டுக்குள் குடியேறாது.

துரிஞ்சில் இருந்தால் கொசுத்தொல்லை தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். பூச்சிகளைத் தின்பது உண்மைதான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகலில் துரிஞ்சில் தூங்கும். தேங்கிய தண்ணீரை நீங்கள்தான் கொட்ட வேண்டும்.

எச்சத்தைக் கூட்டாதீர்கள்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி கிளம்பும். வௌவால் எச்சத்தில் வளரக்கூடிய ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை அந்தத் தூசியோடு நுரையீரலுக்குள் போகலாம். நம் பக்கம் அரிதான நோய்தான். ஆனாலும் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். சன்னலைத் திறந்துவைத்து, என்-95 முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு வழித்தெடுங்கள். சுத்தம் என்ற பெயரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள். எச்சத்திலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் வாயு வரும்.

மொட்டைமாடியில் எச்சம் விழுகிற வீடுகளில் தண்ணீர்த் தொட்டி மூடியைப் பாருங்கள். மழைநீரைக் கிணற்றில் விடுபவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும்.

நிபா பயம்

2018 மே மாதம் கோழிக்கோடு பகுதியில் நிபா பரவி 17 பேர் இறந்ததிலிருந்து, வௌவால் என்றாலே அந்தப் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. வைரஸைத் தாங்கி நிற்பது பெரிய பழந்தின்னி வௌவால். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வில் தமிழ்நாடு, புதுச்சேரி வௌவால்களிடமும் நிபா தொற்றின் தடயம் தெரிந்திருக்கிறது. ஆனால் வௌவாலிடம் தடயம் இருப்பதும் ஆளுக்கு நோய் வருவதும் ஒன்றல்ல. வங்கதேசத்தில் அது பலமுறை ஆளுக்குத் தொற்றிய வழி, ராத்திரியில் வௌவால் நக்கிய பச்சை ஈச்சஞ்சாறு.

நம் கடற்கரையெங்கும் பனை நிற்கிறது. பதநீர்க் கலயமும் ராத்திரியில் பாளையில்தான் தொங்குகிறது. கலயத்தின் வாயை வலையோ தட்டியோ கட்டி மூடியிருந்தால் குடிக்கலாம். சந்தேகமாக இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சி எடுக்கும் கருப்பட்டிக்கு இந்தப் பயம் தேவையில்லை. கொறித்த தடம் உள்ள கொய்யாவையோ மாம்பழத்தையோ அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். அதை அப்படியே குப்பையில் போடுங்கள்.

கடித்தால், கீறினால்

இந்தியாவில் வௌவால் மூலம் ரேபிஸ் பரவியதாக உறுதியாக நிறுவப்பட்டதில்லை. அதைச் சொல்லி அலட்சியமாக இருந்துவிட முடியாது. இலங்கையில் பெரிய பழந்தின்னி வௌவால்களின் மூளையில் ரேபிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டு, கன்னொறுவை என்ற ஊரின் பெயர் அதற்கு இடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் வௌவாலோடு நேரடியாகப் படுவதையே மிக அபாயமான மூன்றாம் வகையில் வைக்கிறது. வௌவால் பல் ஊசிமுனை போன்றது, கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே போய், கடித்தது வௌவால் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தூங்கும் குழந்தையின் அறையில் வௌவால் இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அறைக்குள் வௌவால் வந்துவிட்டால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தரையில் விழுந்து கிடந்தால் கெட்டியான கையுறை போட்டு, அட்டைப்பெட்டியால் மூடி எடுத்து, வெளியே உயரமான இடத்தில் விடுங்கள். தரையிலிருந்து எழும்பிப் பறப்பது பல வௌவால்களுக்குக் கஷ்டம்.

இளைப்புக்கு வௌவால் கறியா?

ஆஸ்துமா தீரும் என்று வௌவால் கறி தேடிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் கிடையாது. அடித்து, உரித்து, கழுவுகிறவரின் கையில் ரத்தமும் எச்சிலும் படுவதுதான் மிச்சம். இளைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது. சட்டச் சிக்கலும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை, எலியோடு, வேட்டைக்குத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் பழந்தின்னி வௌவாலும் நெடுநாள் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் வௌவால் வேட்டையாடிக் கறி விற்றதாக இருவர் கைதானார்கள்.

அனுப்பிவைக்க வேண்டுமானால்

அந்துருண்டை போடுவதும் புகை மூட்டுவதும் வீட்டில் இருப்பவர்களைத்தான் முதலில் இருமவைக்கும். அந்தி சாயும் நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தச் சந்திலிருந்து வெளியே வருகின்றன என்று பாருங்கள். அந்தச் சந்துக்கு மேல் கண் பொடியான வலையை ஆணியடித்து, கீழ்ப்பக்கம் திறந்தபடி தொங்கவிடுங்கள். வெளியே வரும் வௌவால் வலையின் அடிவழியாக நழுவிப் போய்விடும். திரும்பி உள்ளே நுழைய அதற்கு வழி தெரியாது. சில ராத்திரி பொறுத்து, ஒன்றும் வெளிவரவில்லை என்று உறுதியானதும் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

வலை கட்டுமுன் டார்ச் அடித்து உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பறக்காத குட்டி இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டி உள்ளேயே செத்து நாறும். பிறகு ஓட்டைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது.