‘லெஃப்ட் 4 டெட் 2’: மூலையில் ஒண்ட விடாத இரண்டாம் பாகம்

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அதன் அடுத்த பாகம் வரப்போகிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2009 ஜூனில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘லெஃப்ட் 4 டெட் 2’ கணினி விளையாட்டை அறிவித்தபோது அதுதான் நடந்தது. முதல் பாகம் 2008 நவம்பரில்தான் வெளிவந்திருந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஸ்டீம் தளத்தில் திரண்டு, புதிய பாகத்தைப் புறக்கணிக்கப் போவதாகச் சொன்னார்கள். அக்குழுவை நடத்திய இருவரை நிறுவனம் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து விளையாட வைத்தது. அவர்களுக்கும் அது பிடித்துப்போனது.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு பாகங்களிலும் அடிப்படை ஒன்றுதான். நான்கு பேர், ஸோம்பிகள் நிறைந்த ஊரைக் கடந்து அடுத்த பாதுகாப்பு அறையை அடைய வேண்டும். ஹண்டர் பாய்ந்து ஒருவரை அமுக்கிவிட்டால், இன்னொருவர் வந்து விடுவித்தால்தான் உண்டு. தனியாக ஓடுபவர் பிழைப்பது அரிது.

ஆனால், முதல் பாகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெருங்கூட்டம் வரும்போது நால்வரும் ஒரு சிறிய அறைக்குள் புகுந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துச் சுட்டால் போதும். வந்ததெல்லாம் வரிசையாக விழும். அருகருகே நின்றார்களே தவிர, ஒருவருக்கொருவர் பெரிதாக உதவ வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாகம் கைவைத்தது அங்கேதான். ஸ்பிட்டர் துப்பும் அமிலம் தரையில் பரவும். அதில் நிற்க நிற்கக் காயம் கூடும். மூலையில் ஒண்டியவர்கள் சிதறியே ஆக வேண்டும். சிதறினால் ஜாக்கி ஒருவரின் முதுகில் தாவி, வேறு திசைக்கு ஓட்டிச் செல்லும். நெருங்கி நின்றால் சார்ஜர் பாய்ந்து வந்து ஒருவரைத் தூக்கிச் செல்ல, மற்றவர்கள் தெறித்து விழுவார்கள். எப்போது சேர்வது, எப்போது பிரிவது என்பதை நால்வரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

இறந்த தோழரை எழுப்பும் மின்னதிர்ச்சிக் கருவி இன்னொரு புதுமை. அதை எடுப்பவர் தம் முதலுதவிப் பெட்டியை விட்டுவிட வேண்டும். தமக்கு மருந்தா, பிறருக்கு உயிரா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பாராங், கோடரி, வறுசட்டி போன்ற கை ஆயுதங்கள்தான் விளம்பரங்களில் கண்ணைப் பறித்தன. அவை வேடிக்கைதான், ஆட்டத்தை மாற்றியது அவையல்ல.

‘ஹார்ட் ரெயின்’ களத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை ஆலையையும் கரும்புக் காட்டையும் கடந்து எரிபொருள் எடுக்கப் போகும் நால்வர், வந்த வழியே திரும்புகிறார்கள். அதற்குள் புயல் பிடித்து வெள்ளம் ஏறிவிடுகிறது. தெரிந்த பாதைதான், ஆனால் மழை வலுத்தால் எதிரே நிற்பவர்கூடத் தெரியாது.

இழப்பும் உண்டு. முதல் பாகத்தின் இருட்டும் அச்சமும், முதியவர் பில், இளம்பெண் ஸோயி ஆகியோர் மீது ஏற்பட்ட ஒட்டுதலும் புதிய நால்வரிடம் உடனே வரவில்லை. புதியவர்களுக்கு முதல் பாகமே எளிது.

இருப்பினும் 2012க்குள் பழைய களங்கள் அனைத்தும் இரண்டாம் பாகத்தின் கணினிப் பதிப்பில் கூடுதல் கட்டணமின்றிச் சேர்க்கப்பட்டுவிட்டன. பில்லும் ஸோயியும் அங்கேயே இருக்கிறார்கள். இம்முறை ஸ்பிட்டரும் சார்ஜரும் அவர்களைத் துரத்துகின்றன.