கூரை விளிம்பில் கட்டும் அணை

பாஸ்டன், மினியாபொலிஸ், மான்ட்ரியல் போன்ற குளிர் நகரங்களில் சாய்வுக் கூரை வீடுகளின் இறவாரத்தில் குளிர்காலம் தோறும் பனிக்கட்டி வரப்புபோலத் திரண்டு நிற்கும். அங்குள்ளவர்கள் அதை ‘ஐஸ் டேம்’ என்கிறார்கள், அதாவது பனிக்கட்டி அணை. பெயர் பொருத்தமானதுதான். ஏரிக்கரையைப் போலவே அதுவும் தண்ணீரைத் தேக்குகிறது. தேக்குமிடம் வீட்டுக் கூரை என்பதுதான் வம்பு.

பழியை வெளிக் குளிரின் மேல் போடுவது வழக்கம். ஆனால் அணையைக் கட்டுவதில் வீட்டுக்குள்ளிருந்து கசியும் சூட்டுக்கும் பங்கு உண்டு. கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே ‘அட்டிக்’ எனப்படும் பரண் இருக்கிறது. ஹீட்டரால் சூடான காற்று மேலெழுந்து, விளக்குப் பொருத்திய துளை, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, குழாய் போகும் ஓட்டை, பரணுக்கு ஏறும் மூடி ஆகியவற்றின் வழியே அங்கே புகுந்துவிடும். அந்தச் சூட்டில் கூரைப் பலகை 0 டிகிரிக்கு மேல் போனால், அதன்மேல் கிடக்கும் வெண்பனி அடியிலிருந்து உருகத் தொடங்கும். பனியே ஒரு கம்பளிபோல் சூட்டைப் பிடித்து வைப்பதால், ஒரு அடி பனி கிடக்கும் கூரை இன்னும் எளிதாகச் சூடேறும். உருகிய நீர் பனிக்கு அடியிலேயே கீழே இறங்கும். சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாரத்துக்குக் கீழே சூடான அறை கிடையாது. அங்கே வந்ததும் நீர் உறையும். நாளுக்கு நாள் அது உயர்ந்து அணையாகிவிடும்.

அமெரிக்கக் கூரைகளில் பெரும்பாலும் தார் ஏற்றிய ‘ஷிங்கிள்’ துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி அடித்திருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைக்கு அது போதும். தேங்கி நிற்கும் நீர் அடியிலிருந்து மேலேறிப் புகுந்தால் அதைத் தடுக்கும் திறன் அதற்கு இல்லை. விளைவு: வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும் நாளில் வீட்டுக்குள் சுவரோரமாக ஒழுகும். 2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் 110.6 அங்குலம் பனி கொட்டியது. அந்நகரத்தின் பதிவேட்டில் அதுவே உச்சம். அப்போது இப்படி ஒழுகிய வீடுகள் ஏராளம்.

அமெரிக்க ராணுவத்தின் குளிர்ப்பகுதி ஆய்வுக்கூடம், நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் முகாமில் இந்தச் சிக்கலை ஆராய்ந்தது. வெளியே சுமார் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழேயும் பரணில் மைனஸ் 1 டிகிரிக்கு மேலேயும் இருக்கும்போதுதான் தொல்லை தரும் பனிக்கட்டி சேர்கிறது என்று கண்டது. ஆகவே தீர்வு கூரையைச் சூடாக்குவதில் இல்லை, பரணைக் குளிராகவே வைத்திருப்பதில் இருக்கிறது.

அதற்கு முதல் வேலை ஓட்டைகளை அடைப்பது. பலர் இதை விட்டுவிட்டு, பரணில் சூட்டைத் தடுக்கும் பஞ்சை மட்டும் மேலும் மேலும் கொட்டுகிறார்கள். காற்றுக்குப் பஞ்சு தடையல்ல. அதை ஊடுருவி மேலே போய்விடும். குளியலறை மின்விசிறியின் குழாய் பரணிலேயே முடிந்தால் அதையும் கூரைக்கு வெளியே நீட்டியாக வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் சாதாரண நுரை கூடாது. தகரத்தையும் தீத்தாங்கும் பூச்சையும் கொண்டே அடைக்க வேண்டும்.

அடைத்த பிறகு கண்ணாடி இழைப் பஞ்சோ காகிதக்கூழ்ப் பஞ்சோ ஒன்றேகால் அடி அளவுக்குப் பரப்பலாம். இதற்கும் மீறி வரும் சூட்டை வெளியேற்றுவது காற்றோட்டம். இறவாரத்தின் அடிப்பகுதித் துளைகள் வழியே குளிர்காற்று நுழைந்து, முகட்டுத் திறப்பு வழியே வெளியேறும். பஞ்சு அந்தக் கீழ்த்துளைகளை அடைத்துவிட்டால் எல்லாம் வீண். அதைத் தடுக்க, கூரைச் சட்டங்களுக்கு நடுவே மெல்லிய தட்டிகளைப் பொருத்துவார்கள்.

புதிதாகக் கூரை போடும்போது ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும் தார்த்தாள் ஒன்றை விரிக்கிறார்கள். அணை வரக்கூடிய பகுதிகளில், கூரை விளிம்பிலிருந்து வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே குறைந்தது 24 அங்குலம் வரை அது வேண்டும் என்கிறது அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி. அணை கட்டுவதை இந்தத் தாள் தடுக்காது, நீர் உள்ளே இறங்காமல் காக்கும்.

அணை எழுந்துவிட்ட பின் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். நீண்ட கைப்பிடி கொண்ட ‘ரூஃப் ரேக்’ என்ற வாரியால் தரையில் நின்றபடியே விளிம்புப் பனியை இழுத்துத் தள்ளலாம். மின்கம்பி அருகில் இருந்தால் வேண்டாம். கால்சியம் குளோரைடை நீளமான துணிக் காலுறையில் நிரப்பி அணைக்குக் குறுக்கே கிடத்தினால், உருகி ஒரு வாய்க்கால் விழும். சமையல் உப்பு கூடாது. தகரத்தை அரிக்கும், கீழேயுள்ள செடிகளைக் கருக்கும். சூடேறும் மின்கம்பியை விளிம்பில் வளைத்து வளைத்துப் பொருத்துவோரும் உண்டு. அது நீருக்கு வழி செய்யுமே தவிர, கசியும் சூட்டை நிறுத்தாது; மின்கட்டணமும் சேரும்.

கோடாரியும் சுத்தியலும் எடுப்பதுதான் பெருந்தவறு. குளிரில் விறைத்த ஷிங்கிள் ஓர் அடியில் உடையும், ஏணி சறுக்கும். நீராவியால் பனிக்கட்டியை அறுத்தெடுக்கும் தொழிலாளர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள்; அவர்களை அழைப்பதே நல்லது.