கிளியின் பாதப்புண்: மருந்துக்கு முன்னால் குச்சியை மாற்றுங்கள்

மாடு களைத்தால் படுத்துவிடும். ஆடு காலை மடக்கி உட்கார்ந்து அசைபோடும். கூண்டுக்கிளிக்கு அந்த வசதி இல்லை. பகலெல்லாம் நிற்பதும், ராத்திரி தூங்குவதும் குச்சியின் மேல்தான். உடம்பின் மொத்த எடையையும் நாள் முழுக்க அந்த இரண்டு பாதங்கள்தான் தாங்குகின்றன. குச்சி சரியில்லை என்றால் முதலில் கெடுவது பாதம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கிராமத்து வீடுகளிலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளிலும் சரி, வாசலில் ஒரு பறவைக்கூண்டு தொங்குவது புதிதல்ல. வீட்டில் மிச்சமான பி.வி.சி. குழாய், இரும்புக் கம்பி, வழவழப்பான உருட்டுக் கட்டை என்று கைக்குக் கிடைத்ததைக் கூண்டுக்குள் செருகிவிடுகிறார்கள். பாதப்புண்ணின் ஆரம்பம் அங்கேதான்.

ஏன் வருகிறது?

தோப்பில் திரியும் கிளியைக் கவனித்தால் காரணம் புரியும். புளியமரக் கிளை, பனைமட்டை, சோளத்தட்டை என்று ஒரு நாளைக்கு எத்தனையோ இடத்தில் உட்காரும். ஒன்று பருமன், ஒன்று மெலிசு; ஒன்று நேராக, ஒன்று சாய்வாக. அதனால் எடை பாதத்தின் ஒரே இடத்தில் விழாது. கூண்டில் இருப்பதோ ஒரே பருமனுள்ள ஒரே குச்சி. தினமும் அதே புள்ளியில் அழுத்தம். அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, தோல் தேய்ந்து, வெடிப்பு விடும். குச்சியில் ஒட்டியிருக்கும் எச்சத்திலிருந்து கிருமி அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகும். இதில் அதிகம் காணப்படுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா.

இதோடு இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்ளும். ஒன்று உடல் பருமன். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று, பறக்காமல் இருக்கும் கிளிக்கு எடை கூடும். இன்னொன்று வைட்டமின் ஏ குறைபாடு. வெறும் விதைத் தீனியில் இந்தச் சத்து போதாது. தோல் பலவீனமாகி எளிதில் வெடிக்கும்.

அடையாளம்

கிளியின் உள்ளங்கால் நல்ல நிலையில் சொரசொரப்பாக, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். அந்தப் புள்ளிகள் மறைந்து, தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. வாரம் ஒருமுறை, கிளி கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறும்போது வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். பிடித்து அமுக்கவேண்டிய அவசியமில்லை.

அடிக்கடி கால் மாற்றி நிற்பது, ஒரு காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருப்பது, குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் போய் உட்காருவது ஆகியவை வலியின் அறிகுறிகள். தூங்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது கிளியின் இயல்பு. விழித்திருக்கும்போதும் எப்போதும் அதே காலைத் தூக்கினால்தான் கவனிக்கவேண்டும்.

வீக்கம், கறுத்த பொருக்கு, சீழ், சூடு தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. புண் உள்ளே இறங்கித் தசைநாரையும் எலும்பையும் தொட்டுவிட்டால் காலைக் காப்பாற்றுவதே கஷ்டம். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

எந்தக் குச்சி?

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கொய்யா, வேம்பு, சவுக்கு, யூகலிப்டஸ் ஆகிய மரங்களின் கிளை போதும். பட்டையோடு, சின்ன வளைவு நெளிவோடு இருக்கும் கிளைதான் நல்லது. கிளி அதைக் கொறித்துத் தேய்த்துவிடும். வீணாகிறதே என்று நினைக்கவேண்டாம், அதுவே அதற்கு வேலையும் விளையாட்டும். தேய்ந்ததும் புதிது வைத்தால் போதும்.

அரளி, எருக்கு, காட்டாமணக்கு, வெண்ணெய்ப்பழ மரம் வேண்டவே வேண்டாம், இவை நச்சு. முள் உள்ள சீமைக்கருவேலமும் ஆகாது. சமீபத்தில் பூச்சிமருந்து அடித்த தோப்பிலிருந்து எந்தக் கிளையும் வெட்டக்கூடாது. வெட்டிய கிளையைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் காயும்வரை வெயிலில் போட்டபிறகே கூண்டில் வைக்கவேண்டும்.

பருமனுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். குச்சியைப் பிடித்திருக்கும்போது பாதம் அதை முக்கால்வாசி சுற்றியிருக்கவேண்டும். முன்நகமும் பின்நகமும் முட்டிக்கொண்டால் குச்சி மெலிசு. விரல்கள் வளையாமல் தட்டையாக நின்றால் பருமன் அதிகம். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜரிகருக்கு 1 முதல் 1.5 செ.மீ., காக்டெயிலுக்கு 1.5 முதல் 2.5 செ.மீ., ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 2.5 முதல் 4 செ.மீ. குறுக்களவு சரியாக இருக்கும். ஒரு கூண்டில் வெவ்வேறு பருமனில் குறைந்தது மூன்று குச்சிகள் வையுங்கள். ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று இருந்தால் எச்சம் அதன்மேல் விழும். தீனி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலேயும் கூடாது.

நகம் தேயும் என்று சொல்லி விற்கும் உப்புத்தாள் சுற்றிய குச்சி, நகத்தைவிட உள்ளங்காலைத்தான் தேய்க்கும். சிமென்ட் குச்சி வைத்தால் ஒன்று மட்டும் போதும். கிளி இரவில் தூங்கும் இடத்தில் அது இருக்கக்கூடாது.

ஏற்கெனவே புண் வந்திருந்தால்

* பழைய குழாயையும் கம்பியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.
* கிளி தட்டையாக நிற்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பலகையைக் கூண்டின் மூலையில் பொருத்துங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்துத் தினமும் மாற்றுங்கள். நூல் பிரிந்த துணியும் கயிறும் விரலில் சுற்றிக்கொள்ளும். விழுங்கினால் இரைப்பையை அடைக்கும்.
* குச்சிகளைத் தாழ்வாக வையுங்கள். வலியோடு உயரத்திலிருந்து குதித்தால் புண் பெரிதாகும்.
* குச்சிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். மாற்றுவதற்கு இரண்டு செட் வேண்டும்.
* முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், பப்பாளி கொடுங்கள். சூரியகாந்தி விதையைப் படிப்படியாகக் குறையுங்கள்.
* எண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய், மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். எண்ணெய் இறகில் ஒட்டும். கிளி கோதும்போது வயிற்றுக்குள் போகும். பொருக்கைப் பிய்ப்பதும் கூடாது.

சிவப்பு மட்டும் இருக்கும் நிலையில் இந்த மாற்றங்களே பெரும்பாலும் போதும். வீக்கமோ சீழோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பகுதியினர் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்தால், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை. மருந்து கொடுத்தபின் அதே குழாயில் திரும்ப உட்காரவைத்தால் புண்ணும் திரும்ப வரும்.

பச்சைக்கிளி என்றால்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளவேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். அதனால் புண்ணோடு இருக்கும் கிளியை வெளியே கொண்டுபோகப் பயந்து, வீட்டிலேயே மறைத்துவைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு வலியைத் தாங்குவது கிளிதான். பகுதி வனச்சரக அலுவலகத்தை அணுகி ஒப்படைப்பதே சரியான வழி. கூண்டைத் திறந்து பறக்கவிடுவதும் தீர்வல்ல. சிறகு வெட்டிய, காலில் புண்ணுள்ள கிளிக்கு இரை தேடவும் தெரியாது. காக்கையிடமிருந்தும் பூனையிடமிருந்தும் தப்பவும் முடியாது.

வெளிநாட்டு இனங்களில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். பட்ஜரிகர், காக்டெயில் இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

கோழிக்கும் இதே கணக்குத்தான்

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். கோழியின் உள்ளங்காலில் கறுத்த பொருக்கோடு வரும் வீக்கமும் இதே நோய்தான். கொட்டகையில் கூர்மையான விளிம்புள்ள சட்டம், இரும்புக் குழாய்க்குப் பதிலாக 4 முதல் 5 செ.மீ. அகலமுள்ள, விளிம்பு மழித்த மரச்சட்டம் வையுங்கள். ஒரு கோழிக்கு 15 முதல் 20 செ.மீ. இடம் வேண்டும். எடை கூடிய கோழிகளுக்கு உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் குதிப்பதே பாதத்தைக் கெடுக்கும். கீழே உமியோ வைக்கோலோ உலர்வாக இருக்கட்டும். முற்றத்தில் கிடக்கும் கருவேல முள்ளையும் பெருக்கிவிடுங்கள்.

கொய்யா மரத்தைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகள் எப்படியும் அடுப்புக்குத்தான் போகின்றன. அதில் நாலைந்து நல்ல கிளைகளை எடுத்துவைத்தால், கூண்டில் நிற்கும் உயிருக்கு வருடம் முழுக்க வலியில்லாமல் நிற்க இடம் கிடைக்கும்.